உப்பளத்தில் மேய்ந்த ஆடு

ஜூன் 12, வியாழன்

மூன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்குப் போய் வந்தேன். போகாமலே இருந்திருக்கலாம். அங்கே ஏதோ பிரசாதம் மாதிரி எல்லோர் கையிலும் கொடுத்த எட்டுப் பக்கக் கையேட்டை நான் முந்தாநாளே வாசித்தாயிற்று. முப்பத்தாறு பிரதி எடுத்து, பின் அடித்துக் கொடுத்ததே நான்தான். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது.

‘மூன்றாம் வகுப்பில் உங்கள் பிள்ளையிடம் எதிர்பார்க்க வேண்டியவை’ என்று தலைப்பு. பிள்ளை இந்த வருடம் பிறர் உதவியின்றி வாசிப்பாளாம். பத்து வரை வாய்ப்பாடு சொல்வாளாம். தோழியோடு சண்டை போட்டுத் தானே சமாதானம் ஆவாளாம். சில நாள் காரணமில்லாமல் அழுவாளாம். காரணமில்லாமல் அழ என் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? என் மகள் பவதாரிணி இரண்டாம் வகுப்பில் முதல் ரேங்க். கையேடு அவளுக்காக எழுதியது அல்ல, மற்றதுகளுக்காக எழுதியது.

எழுதியவள் ஜெசிந்தா டீச்சர். புதுசு. இருபத்தாறு வயது இருந்தால் அதிகம், கல்யாணம்கூட ஆகவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி எட்டுப் பக்கம் எழுத என்ன ஒரு துணிச்சல்! கடைசியில் எல்லாப் பெற்றோரும் ஒரு நோட்டுப் போட்டு நாட்குறிப்பு எழுத வேண்டும் என்றாள். மார்க்கை எழுதக் கூடாதாம். பிள்ளை என்ன செய்தது, நாம் என்ன செய்தோம், அதை மட்டும் எழுதணுமாம். அவள் வாங்கிப் பார்க்க மாட்டாளாம், நமக்காகத்தானாம். பெற்றோர் எல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். அதில் பாதிப் பேர் பேனாவைத் தொட்டு வருடம் பத்தாகியிருக்கும்.

நான் எழுதுகிறேன். எனக்கு என்ன பயம்?

ஜூன் 13, வெள்ளி

புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். பெயர்ச்சீட்டைக் கம்ப்யூட்டரில் அடித்து, லேமினேட் பண்ணி ஒட்டினேன். வகுப்பிலேயே அழகான புத்தகம் என் மகளுடையதுதான்.

ஜூன் 24, செவ்வாய்

படிக்க வைப்பதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. அது டீச்சர்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்ததும் நான் தோசைக் கல்லைப் போடுகிறேன். புத்தகத்தை மிக்ஸிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, வாய்விட்டு வாசிக்கிறேன். பவதாரிணி பிரிட்ஜ் ஓரமாக நின்றுகொண்டு திருப்பிச் சொல்கிறாள். இரண்டு தடவை நான் சொன்னால் போதும், மூன்றாவது தடவை நான் நிறுத்திக்கொள்ள அவளே சொல்லிக்கொண்டு ஓடுகிறாள். கற்பூரப் புத்தி. முதல் பாடத்தை இன்றைக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். எந்த வார்த்தையில் பக்கம் முடிகிறது என்பது வரை மனப்பாடம். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் சரியாக அந்த இடத்தில் தாளைத் திருப்புகிறாள். கேள்வி பதிலும் அப்படித்தான். ‘இரண்டாவது கேள்வி’ என்று நான் சொன்னால் பதில் வந்து விழுகிறது. பரீட்சையில் கேள்வி அதே வரிசையில்தானே வரும்.

என் வீட்டுக்காரர் நெல்லையப்பன் அரசு பஸ்ஸில் கண்டக்டர், தென்காசி தடம். சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவர், “அவ புத்தகத்தப் பாக்கவே மாட்டேங்காளே கோமதி, ஒன் வாயத்தான பாக்கா” என்றார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது விசிலை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்று சொன்னேன். அதற்கு மேல் பேசவில்லை. பேச மாட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

‘நம் ஊர்ப் பறவைகள்’ என்று பிராஜெக்ட் கொடுத்திருக்கிறாள் அந்த டீச்சர். பிள்ளைகள் பார்த்த பறவையைப் பிள்ளைகளே வரைய வேண்டுமாம். நல்ல வேடிக்கை. காலை எட்டு மணிக்கே கடை வாசலில் அம்மாக்கள் கூட்டம். மயில் படம் இருக்கா, கிளி படம் இருக்கா, கலர் பிரிண்ட் போடுங்க, ஓரத்தில் பூ டிசைன் வையுங்க. எட்டு வயசுப் பிள்ளைக்கு நாற்பது வயசுப் பொம்பளைகள் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். வெட்கமே இல்லை. ஒருத்தி பென்குவின் படம் கேட்டாள். நம் ஊரில் பென்குவின் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பவதாரிணியுடையதை நானே செய்து முடித்தேன். அவளுக்குப் படிக்கிறது நிறைய இருக்கிறது.

மத்தியானம் செல்லக்கனி வந்தாள், பீடி சுற்றுகிறவள். அவள் மகள் சுபிக்‌ஷாவும் எங்கள் வகுப்புதான். செல்லக்கனிக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையைப் பிரதி எடுக்க வந்த இடத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிக் கூட்டி அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறது. ‘பெ… ற்… றோர்’ என்பதற்குள் எனக்கு இரண்டு ஆதார் அட்டை பிரதி எடுத்து முடிந்துவிட்டது. தாளைப் பிடுங்கி ஒரே மூச்சில் வாசித்துக் கொடுத்தேன். செல்லக்கனி நன்றி சொல்வாள் என்று பார்த்தால், “இருக்கட்டும் யக்கா, அவளே வாசிப்பா. வீட்டுக்கு வார கடுதாசி, மாத்திர டப்பா எல்லாம் அவதான் வாசிக்கா” என்கிறாள். பெருமை வேறு! அந்த வேகத்தில் மாத்திரை பெயரை வாசித்து முடிப்பதற்குள் நோயாளி பிழைத்து எழுந்துவிடுவான்.

ஜூலை 18, வெள்ளி

பவதாரிணிக்கு வயிற்று வலி. ஓமத் தண்ணீர் கொடுத்து லீவு போட்டேன். பத்து மணிக்கெல்லாம் சரியாகி, கடையில் உட்கார்ந்து கலர் பேப்பர் வெட்டி விளையாடினாள். போன வெள்ளியும் இதே கதை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்றோ. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் நூலகம்தானாம், கதைப் புத்தகம் எடுத்து வாசிக்கிறதாம். பாடம் ஒன்றும் விட்டுப்போகாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றைக்கு ரத்தம் கொதித்துப்போய் எழுதுகிறேன்.

டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். கடையைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனேன். வகுப்பில் யாரும் இல்லை, பவதாரிணி மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மென்று முழுங்காமல் சொல்லிவிட்டாள்.

“பவதாரிணி அம்மா, இவளுக்கு வாசிக்கத் தெரியல. கேட்டதச் சொல்லுதா, அவ்வளவுதான். ரொம்பக் கெட்டிக்காரி, அதனாலதான் ரெண்டு வருஷமா யாருக்கும் தெரியல.”

முதல் ரேங்க் வாங்கின பிள்ளையைப் பார்த்து! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புத்தகத்தை எடுத்து மூன்றாம் பாடத்தைப் பிரித்து மகள் கையில் கொடுத்தேன். கடகடவென்று ஒப்பித்தாள், ஏற்ற இறக்கத்தோடு. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவள் எழுந்து வந்து, பக்கத்தின் நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து, “இது என்னம்மா?” என்றாள். மிருதுவாகத்தான் கேட்டாள், அது ஒரு நடிப்பு. பவதாரிணி என்னைப் பார்த்தாள். ‘குடை’ என்று இருந்தது. என் உதடு தானாக அசைந்திருக்க வேண்டும். “கொடை” என்றாள் பிள்ளை. டீச்சர் எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்று என் முகத்தை மறைத்துக்கொண்டு, அடுத்த வார்த்தையில் விரலை வைத்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டே பேசாமல் நின்றாள். போலீஸ் விசாரணை மாதிரி கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் வாய் வரும்?

தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரோடு இவளையும் உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லித் தரப்போகிறாளாம். ஒன்றாம் வகுப்பு! என் மகள்! கடைக்கு வந்த கையோடு ஒரு கடிதம் அடித்து, நல்ல தாளில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்த் தலைமையாசிரியரிடமே கொடுத்தேன். ‘முதல் மாணவியான என் மகளை மேற்படி வகுப்பில் சேர்க்க எனக்குச் சம்மதம் இல்லை.’

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றாம் பாடம் மறுபடி. குடை வருகிற வரியை ஏழு தடவை சொல்லிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வெள்ளிக்கிழமை வாசிப்புத் தேர்வாம். புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லி, கேள்வி கேட்பார்களாம். அந்தத் தாள் பிரதி எடுக்க என்னிடம்தான் வந்தது. மணி என்று ஒரு ஆடு, தச்சர் செய்து வைத்த நாற்காலியின் காலைக் கடித்துவிடுகிறது, தச்சர் அதை மூன்று கால் முக்காலியாக மாற்றி விற்றுவிடுகிறார். பன்னிரண்டு வரி. பெரிய காவியம்.

ஒரு பிரதி கூடுதலாக எடுத்தேன். இது என்ன பப்ளிக் பரீட்சைத் தாளா? வெறும் ஆட்டுக் கதை. என் மிஷின், என் டோனர். டியூஷன் வாத்தியார் வீட்டில் இதைவிடப் பெரிய காரியம் எல்லாம் நடக்கிறது.

அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். தச்சர் பேசுகிற இடத்தில் குரலைத் தடியாக்கச் சொல்லிக் கொடுத்தேன். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே சொல்லவும் பழக்கினேன், மற்ற பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்களாம். முதலில் விரல் முந்தியது, பிறகு வாய் முந்தியது. பத்துத் தடவை சொல்லிப் பார்த்ததும் இரண்டும் சேர்ந்து ஓடின.

வெள்ளிக்கிழமை அந்த டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பார்த்தேன்.

டீச்சரே கடைக்கு வந்து சொன்னார். இரண்டு பத்தியாம். வரிசை எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டாவதை டீச்சரே அட்டையில் கையால் எழுதி, படமும் வரைந்து வைத்திருந்தார். என் கடைக்கு வந்தது முதலாவது மட்டும். பவதாரிணியின் எண் ஆறு.

இரண்டாவது பத்தி தூத்துக்குடி உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், பக்கத்தில் உப்பு வாரும் பலகை பிடித்த ஒரு பெண், ஆடும் கிடையாது நாற்காலியும் கிடையாது. என் மகள் அந்த அட்டையை நேராகப் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து, மணி என்ற ஆட்டின் கதையை முதலிலிருந்து கடைசி வரை வாசித்திருக்கிறாள். தச்சர் பேசுகிற இடத்தில் குரலைத் தடியாக்கி. ஆட்டுக் கதை முடிந்தபோது விரல் உப்பளத்தின் ஒன்பதாவது வரியில் நின்றிருக்கிறது. அதை அப்படியே அங்கே வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்தாளாம்.

பிள்ளைகள் சிரித்தார்களா என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன்.

“யாரும் சிரிக்கல. நல்லாச் சொன்னா, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க” என்றார் டீச்சர். அந்த ஆட்டுப் பத்தி இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நானும் நாலு கேட்டிருப்பேன். அதற்கும் வழியில்லை. கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். யாருக்கு என்ன பிரதி எடுத்துக் கொடுத்தேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்து அவளை ஏசத்தான் வாயைத் திறந்தேன். அட்டையில் உப்புப் படம் போட்டிருக்கிறதே, கண்ணு தெரியலையா என்று கேட்டேன். அவள் அழவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

“நீ சொன்னதத்தானம்மா சொன்னேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் அம்மா சொல்லாமலே எப்படிம்மா தெரியுது?” என்று கேட்டாள்.

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மற்றவர்கள் வீட்டிலும் அம்மாக்கள்தான் எல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள், நமக்குத்தான் இந்த உப்பு விஷயம் சொல்லப்படாமல் விட்டுப்போயிற்று என்று நினைத்திருக்கிறாள். தோசை மாவு இருந்தும் சுடவில்லை. கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 23, சனி

கடை திறக்கவில்லை.

அரிசிப் பை, எண்ணெய்ப் பாக்கெட், காலண்டர், கேஸ் புக் என்று வீட்டில் எழுத்து இருக்கிற எல்லாவற்றையும் அவள் முன்னால் வைத்தேன். ப தெரிகிறது. வ தெரிகிறது. அவள் பெயரில் இருக்கிற எழுத்து எல்லாம் தெரிகிறது. கொம்பும் காலும் வந்தால் நின்றுவிடுகிறாள். இரண்டு எழுத்தை ஒட்டச் சொன்னால் என் வாயைப் பார்க்கிறாள். இரண்டு வருடமாக என் வாயைத்தான் வாசித்திருக்கிறாள்.

வீட்டுக்காரர் மத்தியானம் டூட்டி முடிந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. போன தீபாவளிக்கே பஸ் போர்டைக் காட்டி என்ன ஊர் என்று கேட்டாராம், அவளுக்குத் தெரியவில்லையாம். தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன்.

“சொன்னா நீ ஏசுவ. அவளையும் ஏசுவ” என்றார். சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டப் போனார். பதினான்கு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை இது. அதற்குக் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

தலைமையாசிரியர் அறைக்குப் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். கோப்பில் வைத்தாயிற்று, தர முடியாது என்றார்கள். அப்படியானால் அது செல்லாது என்று எழுதித் தருகிறேன் என்று அங்கேயே நின்று கையால் எழுதிக் கொடுத்தேன்.

டீச்சரிடம் சொன்னேன், அந்த ஆட்டுத் தாளை நான்தான் கொண்டுபோனேன் என்று. “தெரியும்” என்றார். அவ்வளவுதான். மத்தியானம் பவதாரிணியை அனுப்பச் சொன்னார்.

செப்டம்பர் 3, புதன்

ஒரு வாரமாகப் பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் அவள் முழங்கால் இடிக்கிறது. பக்கத்தில் ஒரு பொடியன், மூக்கொழுகி, இவளுக்கு ‘கை’ எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறான். மணலில் எழுதுகிறார்கள். புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எழுத்துச் செய்கிறார்கள். ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிடம். இந்த வேகத்தில் போனால் பத்தாம் வகுப்பில் ‘யானை’ வாசிப்பாள்.

தினமும் ஒரு மணிக்குக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய் சன்னலுக்கு வெளியே நிற்கிறேன். வேடிக்கை பார்க்கத்தான். இன்றைக்கு ‘பானை’யில் திக்கித் திணறினாள். எத்தனை நேரம்தான் பொறுப்பது? கம்பி வழியாக “பானை” என்றேன். ஆறு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. பவதாரிணி “பானை” என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்தாள். டீச்சர் பலகையில் வேறு வார்த்தை எழுதினார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்கும் சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். நேற்றும்.

செப்டம்பர் 11, வியாழன்

சாயங்காலம் பவதாரிணி கடைக்குள் வந்து பையைக்கூட இறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தாள். டீச்சர் எழுதிக் கொடுத்ததாம், இவள்தான் வாசிக்க வேண்டுமாம், நான் பார்க்கக் கூடாதாம். கையை நீட்டினேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“நா… ளை. நாளை” என்றாள். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிகிறது. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றாலும் என்னிடம் ஒன்றும் இல்லை. ஒருவர் பான் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் இருங்கள் என்று அவரையும் நிறுத்தி வைத்தேன்.

“அ… ம்… மா. அம்மா.” அடுத்ததில் நின்றுவிட்டாள். ச, ச என்று நாலு தடவை சொன்னாள். பான் கார்டுக்காரர் வாயைத் திறக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். “ச… ன்… ன… சன்ன… சன்னலு… க்கு. சன்னலுக்கு.” மிஷின் சூடாகி ஓய்ந்துவிட்டது. “வ… ர. வர. வே… ண்… டா… ம். வேண்டாம்.”

திரும்பிக் குதித்தாள். “வாசிச்சிட்டேன்! நானே வாசிச்சிட்டேன்மா!” மறுபடி முதலிலிருந்து, விரலை வைத்து, ஒரே மூச்சில் வாசித்தாள்: “நாளை அம்மா சன்னலுக்கு வர வேண்டாம்.” அப்புறம் குதிப்பதை நிறுத்திவிட்டுச் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ ஏம்மா வரக் கூடாது?”

எனக்கு அவமானமாக இருந்தது. பான் கார்டுக்காரர் முன்னால், இத்தனூண்டு சீட்டில், என் மகள் வாயாலேயே. ஆனால் அவளுக்கு அர்த்தம் புரிந்திருக்கிறது. வாசித்தாள், புரிந்தது, கேட்கிறாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. இவ்வளவு சந்தோஷம் அந்த முதல் ரேங்க் வாங்கின அன்றைக்குக்கூட எனக்கு வரவில்லை.

“நான் சும்மா இருக்காம சொல்லிக் குடுத்திருதேம்லா, அதான்” என்றேன்.

“ஆமா” என்றாள் பவதாரிணி.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு மணிக்கு மணி அடித்தது. கடையிலேயே இருந்தேன்.